தனுவச்சபுரத்திலிருந்து எந்த மலை?

தனுவச்சபுரம் ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டிதான் நிற்கும். மலையேற்றக் கணக்கை அங்கிருந்தே தொடங்க வேண்டும். கையில் காசு குறைவாக இருக்கிறவனைச் சாய்ப்பது மலையில் ஆகும் செலவு அல்ல, அடிவாரம் போய்ச் சேர ஆகும் செலவு. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துப் பிள்ளைகள் “இமயமலைக்குப் போக எவ்வளவு ஆகும் அண்ணா?” என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, “எத்தனை நாள் லீவு கிடைக்கும்?” காசு குறைந்தால் எதையாவது விற்று, யாரிடமாவது இரவல் வாங்கிச் சமாளிக்கலாம். நாள் குறைந்தால் உயரமான மலையில் சமாளிக்க முடியாது.

மூன்று நாள்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம், அகத்தியர்கூடம். 1,868 மீட்டர். நம் வயலுக்கு வரும் நெய்யாறு பிறப்பது அங்கேதான். ஆனால் ஏறுகிற பாதை நெய்யாறு அணைப்பக்கம் இல்லை. நெடுமங்காடு, விதுரா தாண்டி, பாழடைந்து கிடக்கும் தேயிலை எஸ்டேட்டைக் கடந்து போணக்காட்டில் தொடங்குகிறது. கேரள வனத்துறை ஜனவரி நடுவிலிருந்து சில வாரங்களுக்கு மட்டும், நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று எண்ணி அனுமதிக்கிறது. ஆன்லைன் பதிவு திறந்ததும் சனி, ஞாயிறு எல்லாம் மளமளவென்று தீர்ந்துவிடும். செவ்வாய், புதன் பார்த்து எடுங்கள். கட்டணம் சில ஆண்டுகளாக ஏறிக்கொண்டே வந்து இப்போது 2,500 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. சாப்பாடு அதற்குள் அடங்காது. பருவம் முடிந்தபின் குழுக்களுக்கென்று தனிப் பேக்கேஜ் வரும்; நம் பைக்கு அது ஒத்துவராது.

முதல் நாள் காடும் புல்மேடுமாக அதிருமலை முகாம் வரை நடை. இரண்டாம் நாள் உச்சி ஏறி முகாமுக்கே திரும்பல். மூன்றாம் நாள் இறக்கம். உச்சிக்குக் கீழே செங்குத்துப் பாறையில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டியிருக்கும். அங்கே காற்று ஆளைத் தள்ளும். முகாம் கேன்டீனில் கஞ்சியும் பயறும் கிடைக்கும், அது போதும். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் பிரியாணி முதல் நாள் மதியமே தோளுக்குப் பாரம். அட்டைக்கு உப்புத்துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாளுக்குள் வாங்கிய மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எடுத்து வாங்கினால் செலவு அநேகமாக இல்லை. காலையிலேயே சோதனைச்சாவடியில் நிற்க வேண்டும் என்பதால் சிலர் முந்தின இரவு லாட்ஜ் எடுக்கிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்து விடியுமுன் ஒரு வண்டி பிடித்தால் அதைவிட மலிவு.

பெண்களுக்கு இந்த மலை நெடுங்காலம் மூடியே கிடந்தது. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் ஏறினார். இப்போது அக்கா தங்கைகளோடு குழுவாகவே பதிவு செய்யலாம்.

வழி காட்ட வருபவர்கள் காணிக்காரர்கள். 1987-இல் இந்தக் காட்டில் அலைந்த தாவர ஆய்வாளர் குழு மூச்சு வாங்கி நின்றபோது, கூட வந்த காணிக்காரர்கள் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகை வெளியுலகுக்குத் தெரிந்தது அப்படித்தான். அவர்கள் ‘இங்கே நில்லுங்கள்’ என்றால் நிற்பது நல்லது. முன்னால் யானை இருக்கும்.

அகத்தியருக்கு இடம் கிடைக்காவிட்டால்? கோவைப் பக்கம் வெள்ளியங்கிரி இருக்கிறது. பிப்ரவரி முதல் மே வரை, ஒரே இரவில் ஏழு மலை ஏறி இறங்குகிறார்கள். காசு என்று பார்த்தால் இதைவிட மலிவு எதுவும் இல்லை. அந்த மலிவே வினை. பயிற்சி இல்லாமல் பக்தி வேகத்தில் ஏறி 2024 பருவத்தில் பலர் மூச்சுத்திணறியும் மாரடைப்பிலும் இறந்தார்கள். இன்னொன்று மூணாறுப் பக்கத்து மீசைப்புலிமலை, 2,640 மீட்டர், மேற்குத்தொடர்ச்சி மலையின் மிக உயர்ந்த சிகரங்களில் ஒன்று. கேரள வன மேம்பாட்டுக் கழகத்தின் பேக்கேஜில் கூடாரத்தில் தங்க வைப்பார்கள். அழகுக்குக் குறையில்லை. மூணாறில் ஜீப் வாடகையைப் பங்கு போட ஆள் இல்லாமல் தனியாகப் போனால் மட்டும் பர்ஸ் காலி.

தேனிப் பக்கமாக ஏஜென்ட் பிடித்து, பாஸ் இல்லாமல் ஏறுகிற யோசனையை விட்டுவிடுங்கள். அந்தப் பக்கம்தான் 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்துவிட்டிருக்கிறது. அதில் காளிகேசம்–பாலமோர் பாதை நமக்குப் பக்கத்து மாவட்டம்தான்.

இனி இமயமலை. பனியை ஒருமுறை பார்த்தால் போதும் என்றால் திரியுண்டு, ஏறத்தாழ 2,850 மீட்டர். நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ வாராந்தர ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் வண்டி மாறாமல் பதான்கோட் வரை போகலாம். அங்கிருந்து தர்மசாலாவுக்கு பஸ். அதற்கு மேலேயுள்ள மெக்லியோட்கஞ்சிலிருந்து காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம். ரயிலில் கழியும் இரவுகள்தான் அதிகம்.

நிஜமான உயரம் வேண்டுமென்றால் சார் கணவாய், சுமார் 4,200 மீட்டர், மே–ஜூன். யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் நடத்தும் முகாம்களைத்தான் நான் சொல்வேன். லாபத்துக்கு நடத்துவதில்லை, தோள்பையும் ஸ்லீப்பிங் பேக்கும் அவர்களே தருவது வழக்கம் என்பதால் புதிதாக வாங்கும் செலவு ஷூவோடு நின்றுவிடும். அதைவிட முக்கியம், கசோல் அடிவார முகாமில் உடம்பைப் பழக்கிவிட்டு, முகாம் முகாமாக உயரத்தைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். தனியார் விளம்பரங்களில் அதே கணவாய் ஐந்து நாளில் முடிந்துவிடும். லீவும் மிச்சம், வழிச்செலவும் மிச்சம் என்று தோன்றும். நாமோ கடலோரத்து ஆட்கள். 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, வாந்தி தொடங்கலாம். 3,000-க்கு மேல் ஒரு நாளில் தூங்கும் இடத்தை 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு என்பது மருத்துவர்கள் சொல்லும் விதி. மிச்சம் பிடிப்பவர்கள் முதலில் வெட்டுவது இந்த ஓய்வு நாளைத்தான். உபரி நாள் இல்லாதவன் வானிலை மோசமானாலும் நடக்கத்தான் பார்ப்பான். அந்த உயரத்தில் வானிலை என்ன செய்யும் என்பதற்கு 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்த்ரதால் பாதை சாட்சி. பனிப்புயலில் மாட்டி ஒன்பது பேர் இறந்தார்கள்.

கேரளா எக்ஸ்பிரஸில் டெல்லிக்கு ஸ்லீப்பர் ஆயிரம் ரூபாய் அளவில். அங்கிருந்து பூந்தர் வரை இரவு பஸ், பிறகு கசோலுக்கு உள்ளூர் பஸ். போக வர, வழிச்சாப்பாட்டோடு, முகாம் கட்டணம் தவிர்த்தே ஐயாயிரம் வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. கோடை விடுமுறைக்கு ஊர் திரும்பும் டெல்லி மலையாளிகளால் அந்த மாதங்களில் திரும்பும் வண்டியில் வெயிட்டிங் லிஸ்ட் நீளும். திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, அதை வைத்து முகாம் தேதியைத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலிருந்து வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஒதுக்க முடியாதவர்கள் அகத்தியருக்கே திரும்பி வரலாம்.

எதைத் தேர்ந்தாலும் பயிற்சிக்குக் காசு வேண்டாம். வெள்ளறடை குரிசுமலைக்கும் காளிமலைக்கும் பஸ் சார்ஜ்தான். பையில் எட்டுக் கிலோ அரிசி போட்டு வாரம் ஒருமுறை, இரண்டு மாதம் ஏறுங்கள். ஏறும்போது மூச்சு வாங்குவது பரவாயில்லை. இறங்கிய மறுநாள் முட்டி மடங்கவில்லை என்றால் சார் கணவாய்க்குப் பணம் கட்டாதீர்கள்.