கைக்கெட்டும் நினைவகம்

பழைய மேசைக்கணினி ஒன்று மெதுவாக இயங்கத் தொடங்கியதும், அதற்கு வயதாகிவிட்டது என்னும் முடிவுக்குப் பலரும் விரைந்து வந்துவிடுகின்றனர். சில ஆண்டுகள் நன்கு உழைத்த கருவி மூலையில் ஒதுக்கப்படுகிறது. பல்லாயிரம் ரூபாய்க்குப் புதியது வாங்கப்படுகிறது. ஒதுக்கப்பட்டதைத் திறந்து பார்த்தால், செயலகம் பழுதின்றி இருக்கும். தாய்ப்பலகையும் நலமாகவே இருக்கும். பற்றாக்குறை பல நேரங்களில் நினைவகத்தில் மட்டுமே. ஒரு சிறு பலகையைச் செருகினால் தீரக்கூடிய குறைக்காக முழுக் கணினியும் மின்கழிவாகிறது.

கணினியில் 'நினைவு' என்னும் சொல் இருவேறு பொருள்களை ஒருங்கே குறிப்பதால் குழப்பம் எழுகிறது. ஒரு மளிகைக் கடையை எண்ணிப் பார்க்கலாம். கடைக்காரரின் கைக்கெட்டும் தூரத்தில் சில அடுக்குகள் உள்ளன. பின்கட்டில் பெரிய கிடங்கு உள்ளது. அடுக்கில் இருக்கும் பொருளை உடனே எடுத்துத் தந்துவிடுவார். கிடங்கில் இருப்பதை எடுக்க எழுந்து நடக்க வேண்டும். கணினியின் வன்தட்டு அக்கிடங்கு. ரேம் எனப்படும் முதன்மை நினைவகம் கைக்கெட்டும் அடுக்கு. படங்களும் கோப்புகளும் வன்தட்டில் நிலையாகத் தங்குகின்றன. அவற்றைத் திறந்து பணிபுரியும்போது அவை ரேமுக்கு வந்து சேர்கின்றன. மின்சாரம் நின்றால் ரேமில் உள்ளவை அழிந்துவிடும்.

பல நிரல்களை ஒரே நேரத்தில் திறந்தால் அடுக்கு நிரம்பிவிடுகிறது. அப்போது இயங்குதளம், உடனடியாகத் தேவைப்படாத தரவுகளை வன்தட்டுக்கு அனுப்பி இடம் உண்டாக்குகிறது. அவை மீண்டும் தேவைப்படும்போது வேறொன்றை வெளியேற்றிவிட்டு அவற்றைத் திரும்பக் கொணர்கிறது. இந்த ஓயாத நடையே கணினியைத் தளரச் செய்கிறது. ரேமிலிருந்து ஒரு தரவைப் பெற ஏறத்தாழ நூறு நானோ நொடி போதும். சுழலும் வன்தட்டிலிருந்து பெற ஏறத்தாழ பத்து மில்லி நொடி ஆகும். வேறுபாடு ஓர் இலட்சம் மடங்கு! செயலகம் எவ்வளவு விரைவானதாயினும், தரவு வரும்வரை அது காத்திருக்கத்தானே வேண்டும்?

ரேமின் உள்ளமைப்பு வியப்புக்குரியது. ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறியாளர் இராபர்ட் டென்னார்டு, ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் இருந்தால் ஒரு பிட்டு தரவைத் தேக்கிவைக்கலாம் எனக் கண்டு, 1968ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இன்றைய ரேமுக்கும் அதுவே அடிப்படை. ஆனால், அம்மின்தேக்கி ஓட்டைக் குடம் போன்றது. தேக்கிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே, பொதுவாக 64 மில்லி நொடிக்குள் ஒவ்வொரு குடமும் ஒருமுறை மீண்டும் நிரப்பப்படுகிறது. 1970இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 1103 என்னும் நினைவகச் சில்லு 1024 பிட்டு, அதாவது 128 பைட்டு கொள்ளளவு உடையது. திருக்குறளின் முதற்குறளை இன்றைய யூனிக்கோடு முறையில் எழுதினால் ஏறத்தாழ 120 பைட்டு ஆகும். ஒரு சில்லுக்கு ஒரு குறள்! இன்று எளிதாகக் கிடைக்கும் 8 ஜிபி பலகை ஒன்றில், அத்தகைய 6 கோடியே 71 இலட்சம் சில்லுகளின் கொள்ளளவு அடங்கியுள்ளது.

நினைவகத்தைக் கூட்டும் முன், குறை அங்குதான் உள்ளதா என உறுதிசெய்தல் வேண்டும். வழக்கமான பணிகளைத் திறந்துவைத்து, இயங்குதளம் காட்டும் நினைவகப் பயன்பாட்டைக் காணலாம். அது எப்போதும் நிரம்பி வழியும் நிலையில் இருந்தால் ஐயமில்லை. பாதிகூட நிரம்பவில்லை எனில், ரேம் வாங்குவது வீண்செலவு. தேய்ந்த வன்தட்டோ வேறொன்றோ காரணமாக இருக்கும். இயங்குதளம் 32 பிட்டு வகையா என்பதையும் பார்த்தல் வேண்டும். முப்பத்திரண்டு பிட்டுகளால் 429 கோடியே 49 இலட்சம் முகவரிகளையே குறிக்க இயலும். அது 4 ஜிபிக்குச் சமம். எனவே, அவ்வகை இயங்குதளத்தில் 8 ஜிபி செருகினாலும் பொதுவாக மிகுதி பயன்படாது.

பலரும் பணத்தை இழப்பது தலைமுறை வேறுபாட்டை அறியாமையால்தான். டிடிஆர்3 பலகையில் 240 தொடுமுனைகள் உள்ளன. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 உள்ளன. எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் பின்னவை இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகா. பலகையின் அடியிலுள்ள வெட்டுப்பள்ளம் ஒவ்வொரு தலைமுறைக்கும் வெவ்வேறு இடத்தில் அமைந்துள்ளது. தவறானது நுழையவே கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நுழையாததை வலிந்து அழுத்தித் தாய்ப்பலகையையே உடைத்தவர்களும் உண்டு. மடிக்கணினியின் குறும்பலகை மேசைக்கணினிக்குப் பொருந்தாது. தாய்ப்பலகையின் கையேட்டில், ஏற்கும் தலைமுறையும் உச்ச அளவும் குறிக்கப்பட்டிருக்கும். ஒரே அளவுள்ள இரு பலகைகளைக் கையேடு காட்டும் இணைச் செருகுவாய்களில் பொருத்தினால், தரவு இரு வழிகளில் ஒருசேரச் செல்லும்.

பொருத்துவது கால்மணி நேரப் பணி. கணினியை நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, இயக்கப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தினால் எஞ்சிய மின்சாரம் வடியும். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே பலகையைக் கையிலெடுக்க வேண்டும். உடலில் சேர்ந்துள்ள நிலைமின்னூட்டம், நாம் உணராத அளவிலேயே சில்லைக் கெடுத்துவிடக்கூடும். பலகையை விளிம்பில் பிடித்து, பள்ளம் பொருந்துமாறு நிறுத்தி, இரு முனைகளையும் சீராக அழுத்தினால் பூட்டு 'கிளிக்' என்று விழும்.

கணினியை இயக்கியதும் திரை இருண்டே இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பலகை முழுமையாக அமராததே பெரும்பாலும் காரணம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பலகையை எடுத்து மீண்டும் பொருத்தினால் போதும். திரை தெளிந்ததும் நினைவக அளவைச் சரிபார்த்து, நினைவகச் சோதனை நிரலை ஒருமுறை ஓடவிடலாம். கழற்றிய பழைய பலகையை எறிந்துவிட வேண்டியதில்லை. நிலைமின் தடுப்பு உறையிலிட்டு வைத்தால், அதே தலைமுறையைச் சேர்ந்த, அடுக்கு போதாமல் திணறும் இன்னொரு கணினிக்கு அது உதவும்.