பெட்டியின் பெயரைப் பார்க்காதீர்கள், லாட் எண்ணைப் பாருங்கள்

50 மீட்டர் ரைஃபிள் சுடுகிறவர்கள், பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்தவரானாலும் மூணாறு, குமுளி பக்கத்தவரானாலும், தோட்டா வாங்கும்போது முதலில் கேட்பது ஒன்றுதான்: “ஈலி டெனெக்ஸ் வாங்கலாமா, லாபுவா மிடாஸ் வாங்கலாமா, ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்50 வாங்கலாமா?” இந்தக் கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. “என் ரைஃபிளுக்கு எந்த லாட் பொருந்தும்?” என்று கேளுங்கள். அதற்குப் பதில் உண்டு. அதை உங்கள் ரைஃபிளே சொல்லும்.

பாயிண்ட் டூ டூ தோட்டாவில் தீப்பற்றும் மருந்து, கூட்டின் அடி விளிம்புக்குள் பரவியிருக்கிறது. அந்தப் பரவல், வெடிமருந்தின் அளவு, ஈயக்குண்டின் மேல் பூசிய மெழுகு, எல்லாமே லாட்டுக்கு லாட், அதாவது தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி, சற்று மாறும். உங்கள் குழலும் சேம்பரும் அடுத்தவருடையதைப் போல இருப்பதில்லை. அதனால்தான் நண்பரின் ரைஃபிளில் பத்தாகக் குத்தும் விலையுயர்ந்த பெட்டி உங்கள் கையில் ஒன்பதைத் தேடிப் போகலாம். அதே கம்பெனியின் நடுத்தர விலைப் பெட்டி உங்களுக்கு அருமையாக அமையலாம். பெயரும் விலையும் தேடலைத் தொடங்கத்தான் உதவும்.

அளவுகோல் எது?

சர்வதேச 50 மீட்டர் டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். குண்டின் விட்டம் ஏறத்தாழ 5.6. குண்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே பத்து. இரண்டையும் கூட்டினால் 16. ஆக, துளைகளின் மையங்கள் எல்லாம் 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் நின்று, அந்த வட்டமும் டார்கெட் நடுவில் அமைந்தால், அத்தனையும் பத்து. இதையே எல்லைக்கோடாக வையுங்கள். ஒரே குறிக்குச் சுட்ட துளைக் கூட்டத்தின், அதாவது குரூப்பின், இரண்டு வெளி ஓரங்களுக்கு இடையே அளந்து 5.6-ஐக் கழித்தால் மையத்துக்கு மையம் அளவு கிடைக்கும். அது 16-க்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ, அவ்வளவும் உங்கள் கைப்பிழைக்கு மிஞ்சும் இடம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலை ரைஃபிளில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, தகுதிச் சுற்றில் 60 தோட்டாக்களுக்கு 600-இல் 590 எடுத்தார். அந்த மட்டத்தில் தோட்டாவால் போகும் ஒரு புள்ளிகூட இறுதிச் சுற்று வாய்ப்பைப் பறித்துவிடும்.

சோதனை செய்யும் முறை

நான்கு வகை போதும். ஒவ்வொன்றிலும் ஒரே லாட் எண்ணுள்ள இரண்டு பெட்டிகள், அதாவது 100 தோட்டாக்கள். எஸ்.கே. போன்ற நடுத்தர விலை வகை ஒன்றையாவது சேருங்கள்.

ரைஃபிளை பெஞ்சில் முன்னும் பின்னும் மணல் மூட்டை கொடுத்து வையுங்கள். மரக்கட்டையைப் பிணைக்கும் திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கத்துக்குச் சரிபார்த்து, இடையில் தொடாதீர்கள். தொலைநோக்கி இருந்தால் பொருத்திக்கொள்ளுங்கள். குறிபார்க்கும் பிழை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு தெளிவாகத் தோட்டாவின் குணம் தெரியும்.

வகை மாற்றும்போது முதல் 10 தோட்டாக்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனியின் மெழுகும் வேறு. பழைய மெழுகு போய்ப் புதியது குழலில் படிய அவ்வளவு வேண்டும். மீதி 40-ஐப் பத்துப் பத்தாக நான்கு குரூப்பாகச் சுடுங்கள். மறுநாள் இரண்டாவது பெட்டியை வரிசையைத் தலைகீழாக்கிச் சுடுங்கள். முதல் நாள் கடைசியில் சுட்ட வகை, களைப்பாலும் வெயிலாலும் தோற்றதாகிவிடக் கூடாது. இப்படி ஒவ்வொரு வகைக்கும் எட்டு குரூப் கிடைக்கும். ஐந்து தோட்டாவில் விழுந்த ஒரே ஒரு அழகான குரூப்பைப் படமெடுத்து வைத்துக்கொண்டு முடிவெடுப்பதுதான் இந்த விளையாட்டில் அதிகப் பணத்தை வீணாக்கும் பழக்கம்.

கணவாய்க் காற்றும் மலைக் குளிரும்

பாலக்காட்டுக்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வீசும் காற்றும், தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து வருவதும் சாதாரணமானவை அல்ல. விநாடிக்கு 325 மீட்டர் வேகத்தில் புறப்படும் மேட்ச் குண்டை, விநாடிக்கு ஒரு மீட்டர் பக்கக் காற்று 50 மீட்டரில் சுமார் 6 மில்லிமீட்டர் தள்ளும். இரண்டு மீட்டர் காற்று வீசினாலே பத்து ஒன்பதாகிவிடும். ஆகவே விடியற்காலையில், காற்றுக் கொடிகள் தொங்கும் நேரத்தில் மட்டும் சோதியுங்கள்.

பக்கவாட்டுச் சிதறலைப் பார்த்தால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள். மேல்கீழாக நீண்ட குரூப்பைப் பார்த்தால் தோட்டாவைச் சந்தேகியுங்கள். புறப்படும் வேகத்தில் விநாடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் இருந்தாலே, 50 மீட்டரில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் வரும். பத்தாம் வளையத்துக்கான இடத்தில் பாதி அதிலேயே போய்விடும்.

தேவிகுளம், பீர்மேடு பக்கத்தவர்களுக்குச் சிக்கல் வேறு. குளிர்ந்த மலையில் சோதித்த லாட்டை எடுத்துக்கொண்டு வட்டியூர்க்காவு ரேஞ்சின் வெப்பத்திலோ கோவை வெயிலிலோ போட்டிக்கு நிற்பீர்கள். வெப்பத்தில் வெடிமருந்தும் மெழுகும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். இறுதித் தேர்வில் நிற்கும் இரண்டு லாட்களையும் போட்டி நடக்கும் தட்பவெப்பத்தில் ஒருமுறை சுட்டுப் பாருங்கள். மூடிய காருக்குள் பெட்டியை வெயிலில் விட்டுவைக்காதீர்கள்.

முடிவைப் படிப்பது

எட்டு குரூப்பின் சராசரியை எழுதுங்கள். பக்கத்தில் மிக மோசமான குரூப்பையும் எழுதுங்கள். சராசரி 13, மோசமானது 15 என்ற லாட்டை, சராசரி 12, மோசமானது 20 என்ற லாட்டுக்கு மேலாக நான் எடுப்பேன். போட்டியில் அந்த 20 எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு லாட்களின் சராசரி வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் சமமென்று கொண்டு, விலை குறைந்ததை, அதிகம் கிடைப்பதை வாங்குங்கள்.

பெட்டியிலிருக்கும் லாட் எண்ணை அப்படியே நோட்டில் எழுதுங்கள். ஈலி பெட்டியில் சராசரி வேகமும் அச்சிட்டிருக்கும். வெளிநாட்டு மேட்ச் தோட்டா நமக்குப் பெரும்பாலும் இந்திய தேசிய ரைஃபிள் சங்கம், மாநில சங்கங்கள் வழியாகத்தான் வருகிறது. அடுத்த முறை வருவது வேறு லாட்டாக இருக்கும். பொருந்திய லாட்டை, லைசென்ஸ் அனுமதிக்கும் அளவுவரை ஒரேயடியாக வாங்குங்கள். எல்லை தாண்டிப் பயிற்சிக்குப் போகிறவர்கள், லைசென்ஸ் கேரளத்துக்கு மட்டுமா, இந்தியா முழுவதுக்குமா என்று வாளையாறு, குமுளி செக்போஸ்டுக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாருக்கு இப்போது வேண்டாம்?

ப்ரோன் (படுத்துச் சுடும்) நிலையில் 60 தோட்டாவுக்கு 570-ஐ இன்னும் எட்டாதவர்கள் இந்தச் சோதனையை ஒத்திப்போடலாம். நம்பகமான நடுத்தர விலைத் தோட்டா ஒன்றில் நிலைத்து, மிச்சப் பணத்தைப் பயிற்சிக்குச் செலவிடுங்கள். ஏர் ரைஃபிளில் தொடங்கும் மாணவர்கள் 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டில் இதே முறையைக் குறைந்த செலவில் பழகலாம்.

லாட் முடிவானபின் அந்தச் சீசன் முழுவதும் மாற்றாதீர்கள். அதன்பிறகு விழும் ஒன்பதுக்குத் தோட்டாவைக் குறைசொல்ல முடியாது. மூச்சையும் ட்ரிக்கரையும் காற்றைப் படித்த விதத்தையும் திருத்தும் வேலை அன்றுதான் தொடங்குகிறது. அந்தத் தெளிவுக்காகவே இத்தனை தோட்டாக்களைச் செலவழித்தோம்.