மூளையின் தாளம்

மனிதனுடைய மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் நுண்ணிய மின்துடிப்பால் தன் செய்தியைப் பிறவற்றிற்கு அறிவிக்கின்றது. இத்துணை அணுக்களும் தத்தம் விருப்பம்போல் துடிக்குமாயின், ஆங்கு எழுவது சந்தை இரைச்சலேயாம். ஆயினும், மூளையில் ஒழுங்கான தாளங்கள் பிறக்கின்றன. அவற்றை அமைப்பது யாது?

ஜெர்மனி நாட்டில் யேனா நகரில் வாழ்ந்த மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் என்பார், தலையின்மேல் மின்வாய்களைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். கண்மூடி அமைதியாக இருப்போரிடம் வினாடிக்கு ஏறக்குறைய 10 முறை எழும் அலையை அவர் கண்டார். அதனினும் விரைந்து, வினாடிக்கு 30 முதல் 80 முறை வரை எழும் அலைகளும் உண்டு. அவற்றைக் 'காமா' அலைகள் என்பர்.

நரம்பணுக்களுள் ஒருவகை பிறவற்றைத் தூண்டுவது, மற்றொருவகை தடுப்பது. பெருமூளையின் புறணியில் தடுக்கும் அணுக்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. திருவிழாத் தேரை இழுப்போர் பலர். முட்டுக்கட்டை இடுவோர் சிலர். எனினும், முட்டுக்கட்டை இன்றேல் தேர் நெறிப்பட ஓடாது.

தூண்டும் அணுக்கள் துடித்தவுடன், தடுக்கும் அணுக்களையும் எழுப்பிவிடுகின்றன. எழுந்த அவை 'காபா' என்னும் பொருளை வெளிவிடுகின்றன. தூண்டும் அணுக்களின் மேற்பரப்பில் காபாவை ஏற்கும் ஏற்பிகள் உள. காபா வந்து பொருந்தியதும் அவை வாயில்போலத் திறந்து, எதிர்மின்னூட்டமுடைய குளோரைடு அயனிகளை உள்ளே விடுகின்றன. உடனே அவ்வணுக்கள் அடங்குகின்றன. வினாடியின் நூற்றில் ஓரிரு பங்கு காலத்தில் அத்தடை தளர்கின்றது. ஒருங்கே அடங்கியவை ஒருங்கே விடுபடுகின்றன. ஆதலின் ஒருங்கே துடிக்கின்றன. மீண்டும் தடை; மீண்டும் துடிப்பு. இச்சுழற்சியே காமாத் தாளமாகும்.

1995-இல் விட்டிங்டன், டிராப், ஜெஃப்ரீஸ் என்னும் மூவர் எலியின் மூளைத் துண்டுகளை ஆராய்ந்தனர். தூண்டும் அணுக்கள் விரைந்து செய்தி விடுக்கும் வழியை மருந்தால் அடைத்தபின்னும், தடுக்கும் அணுக்களின் கூட்டம் தனித்தே வினாடிக்கு ஏறக்குறைய 40 முறை தாளமிட்டது. காபாவின் தடையை நீட்டிக்கும் மருந்தை இட்டபோது தாளமும் மெதுவாயிற்று. 2009-இல் அமெரிக்க அறிஞர்கள், சுண்டெலிகளின் மூளையிலுள்ள தடுக்கும் அணுக்களை ஒளியால் இயக்கிக் காமா அலைகளை வலுப்பெறச் செய்தனர்.

இவ்வாராய்ச்சி வெறும் வியப்பிற்கு உரியதன்று. தடுக்கும் ஆற்றல் குன்றின் துடிப்பு கட்டுக்கடங்காது பெருகி, வலிப்பு தோன்றக்கூடும். மனச்சிதைவு நோயுற்றோர் பலரிடம் காமாத் தாளம் நலிந்திருத்தலையும் மருத்துவர் கண்டுள்ளனர். தாளம் பிறக்கும் வழியை அறிதல், அது தவறும் இடத்தை அறிதற்கும் துணையாகின்றது.

துடிப்பது மட்டுமே ஆற்றலன்று. உற்ற வேளையில் அடங்குவதும் ஆற்றலே. அவ்வடக்கத்தினின்றே மூளையின் ஒழுங்கு பிறக்கின்றது.