மறதி நோயும் மூளைப் படமும்

மறதி மாந்தர்க்கு இயல்பே. ஆயினும், பெற்ற மகளின் பெயரையே மறந்துபோவது முதுமையின் இயல்பன்று, அது நோய். அந்நோயின் தடயங்களை உயிருடன் இருப்பவரின் மூளையிலேயே காண அறிவியல் கற்றுக்கொண்ட வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நோய் அறிந்த வரலாறு

1901ஆம் ஆண்டு செருமனியின் பிராங்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் அகுஸ்டே டீட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி சேர்க்கப்பட்டார். தம் பெயரைக்கூட அவரால் எழுதி முடிக்க இயலவில்லை. 1906இல் அவர் மறைந்தபின் அவர்தம் மூளையை நுண்ணோக்கியால் ஆய்ந்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே இழைச் சிக்கல்களையும் கண்டார். படிவு அமிலாய்டு என்னும் புரதத்தாலும், சிக்கல் டௌ என்னும் புரதத்தாலும் ஆனவை எனப் பின்னர்த் தெளிவாயிற்று. எனினும், அவற்றைக் காணப் பெரும்பாலும் நோயாளியின் இறப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

படம் காட்டுவது

காந்த ஒத்ததிர்வுப் படம், நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி சுருங்குவதைக் காட்டும், படிவைக் காட்டாது. இக்குறையை நீக்க அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக அறிஞர்கள் வில்லியம் கிளங்க், செஸ்டர் மாதிஸ் இருவரும் ஒரு வேதிப்பொருளை உருவாக்கினர். கதிரியக்கக் கார்பன்-11 இணைந்த அப்பொருள் குருதிவழி மூளையை அடைந்து படிவுகளில் ஒட்டிக்கொள்கிறது. அதிலிருந்து வெளிப்படும் பாசிட்ரான், எலெக்ட்ரானுடன் கூடி அழிய, எழும் காமாக் கதிர்களைப் ‘பெட்’ கருவி படமாக்குகிறது. 2002இல் சுவீடனின் உப்சாலாவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இவ்வாறு படமெடுக்கப்பட்டது. 2004இல் வெளியான ஆய்வில் 16 நோயாளிகளும் நலமுடைய 9 பேரும் ஒப்பிடப்பட்டனர்.

கார்பன்-11இன் கதிரியக்கம் ஏறத்தாழ 20 நிமிடங்களில் பாதியாகிவிடும். ஆதலின் 110 நிமிட அரைவாழ்வுடைய புளூரின்-18 கொண்ட பொருள்கள் ஆக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றுக்கு 2012இல் அமெரிக்கா ஒப்புதல் வழங்கியது.

படம் சொல்லாதது

நோய்க்குறிகள் தோன்றுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே படிவு தொடங்கிவிடலாம். படிவு இருந்தும் தெளிந்த நினைவுடன் வாழ்வோரும் உளர். எனவே, படம் ஒன்றையே சான்றாகக் கொண்டு ஒருவரை நோயாளி என முடிவு செய்தல் தகாது. 2023இல் அமெரிக்கா முழு ஒப்புதல் அளித்த லெகானெமாப் மருந்தும் நோயின் போக்கைச் சற்றே தாமதப்படுத்துமேயன்றிக் குணமாக்காது.

முடிவுரை

ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்கும் முதியவரை, வேண்டுமென்றே கேட்கிறார் எனச் சினக்கிறோம். அது பிடிவாதமன்று, மூளையின் பழுது என்பதை இப்படங்கள் நமக்கு உணர்த்துகின்றன. தைராய்டுக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு ஆகியவற்றால் வரும் மறதி சிகிச்சையால் சீராகக்கூடும். ஆகவே, வயதாகிவிட்டது என வாளாவிராமல் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், பதினோராவது முறையும் பொறுமையுடன் விடை கூறுவதும் நம் கடமையாகும்.