வீட்டு வாசலில் காந்தாரி மிளகாய்

 

சென்ற ஆண்டு நமது டிரஸ்ட் சார்பில் வீடுகளுக்குக் காந்தாரி மிளகாய் நாற்றுகள் கொடுத்தோம். ஜூன் மாதத்தில் கொடுத்ததுதான் தவறு. தென்மேற்குப் பருவமழையில் தேவாலா, பந்தலூர் மண் நாள்கணக்கில் ஊறிக் கிடக்கும். பெரும்பாலான நாற்றுகள் வேர் அழுகி மடிந்தன. சில சகோதரிகள் தங்கள் கைராசியைக் குறை சொல்லிக் கொண்டார்கள். குறை அவர்களிடம் இல்லை. காலம் பாராமல் கொடுத்த எங்களிடம்தான். இம்முறை முறையாகச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

விதைப்பு: நன்கு சிவந்த பழத்தின் விதையை நிழலில் உலர்த்தி எடுங்கள். ஆகஸ்ட் கடைசியில், சாரல் படாத திண்ணையில், மண்ணும் மணலும் மக்கிய சாண எருவும் கலந்த தட்டில் விதையுங்கள். முளைக்க 2, 3 வாரங்கள் ஆகும், பொறுமை தேவை. ஈரம் இருந்தால் போதும். தண்ணீர் மிகுந்தால் நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும்.

நடவு: மழை தணிந்த அக்டோபரில் நடுங்கள். தரையை 1 அடி உயர மேடாக்கி, செடிக்குச் செடி 2 அடி விடுங்கள். தேயிலை விளையும் நம் மண் புளிப்பு மண். மிளகாய்க்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. எனவே 2 வாரம் முன்பே குழிக்கு ஒரு கைப்பிடி அடுப்புச் சாம்பல் கலந்து வையுங்கள். இடமில்லாத லயன் வீட்டார் பழைய பெயிண்ட் வாளியின் அடியில் துளையிட்டு வளர்க்கலாம்.

இலை சுருண்டால் அது பெரும்பாலும் இலைப்பேனின் வேலை. 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள்.

அறுவடை: நட்டு ஏறக்குறைய 3 மாதத்தில் காய் கிடைக்கும். கிளை முறியாமல் காம்போடு பறியுங்கள். அடிக்கடி பறித்தால் செடி மீண்டும் பூக்கும். பராமரித்தால் ஒரே செடி சில ஆண்டுகள் பலன் தரும். மிஞ்சியதை வெயில் காயும் நாட்களிலேயே உலர்த்துங்கள், அல்லது உப்பும் வினிகரும் சேர்த்து ஊறுகாய் போடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: பறித்த கையோடு ஒளுச் செய்யப் போகாதீர்கள், கண் எரியும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். முதலில் கையில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளைத் தூக்குவதும் அதன் பிறகே.

பறவைகளுக்கு இந்தக் காரம் உறைப்பதில்லை. அவை பழத்தைத் தின்று விதையைப் பரப்புவதால்தான் வேலியோரம் காந்தாரி தானாக முளைக்கிறது. நாம் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது நமக்கு ஸதகா என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய நற்செய்தி. ஆகவே குருவி கொத்தியதை நஷ்டக் கணக்கில் எழுதாதீர்கள். அண்டை வீட்டுக்கும் ஒரு பிடி கொடுங்கள்.

அக்டோபர் முதல் ஜும்ஆவுக்குப் பின் நாற்று வழங்கப்படும். சென்ற ஆண்டு இழந்தவர்களுக்கே முதலில். வஸ்ஸலாம்.

– செயலாளர்