லென்ஸ் வாங்கப்போகும் மருமகனுக்கு

மாப்பிள்ளை, லட்ச ரூபாய்க்கு மேல் போட்டு வைட் ஆங்கிள் லென்ஸ் ஒன்று வாங்கப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். வேண்டாமென்று நான் உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை. அதை நான் செய்யப்போவதில்லை. கல்யாண மண்டபங்களிலும் கோயில் பிராகாரங்களிலும் அந்தக் கண்ணாடியைச் சுமந்தே தலை நரைத்தவன், உன்னை எப்படித் தடுப்பேன்? வாங்கு. ஆனால் கடைக்குப் போகுமுன் இதைப் படித்துவிட்டுப் போ.

1. எதற்கு வாங்குகிறாய் என்று முதலில் உன்னையே கேள். மண்டபத்தில் பின்னால் நகர இடமில்லை, சுவர் முதுகில் இடிக்கிறது என்றால் அது காரணம். அடுத்த தெரு ஸ்டுடியோக்காரன் வைத்திருக்கிறான் என்பது காரணமாகாது. உன் 18-55 லென்ஸில் எடுத்த பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து பார். எந்தப் படம் எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தது என்று அதிலேயே பதிவாகியிருக்கும். பாதிக்கு மேல் 18-லேயே முட்டிக்கொண்டு நின்றால் உனக்கு அகலம் தேவைதான். 35-லும் 50-லும் நின்றால் உன் கண் வாழும் இடம் அது. காசை அங்கே போடு.

2. கேமராவைப் பார்த்து லென்ஸ் வாங்கு. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 16 மில்லிமீட்டர் லென்ஸ் மூலைக்கு மூலை 107 டிகிரி பார்க்கும். உன்னுடையது கிராப் சென்சார். அதில் அதே லென்ஸ் 83 டிகிரிதான் பார்க்கும். ஃபுல் ஃப்ரேமில் 24 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டுகிற அளவு. கையிலிருக்கும் 18-க்கும் அதற்கும் அகலத்தில் ஓரடி வித்தியாசம் என்று வைத்துக்கொள், விலையில் மைல் கணக்கு. கிராப் கேமராவுக்கென்றே 10, 11 மில்லிமீட்டரில் தொடங்கும் லென்ஸ்கள் இருக்கின்றன. டோக்கினாவின் 11-16 எஃப்/2.8 அப்படியொன்று. “நாளைக்கு ஃபுல் ஃப்ரேம் வாங்குவேன் மாமா” என்கிறாயா? அப்படியானால் லென்ஸையும் நாளைக்கே வாங்கு.

3. எஃப்/2.8 மோகத்தைக் கொஞ்சம் ஆறப்போடு. கேனனில் 16-35 இரண்டு விதமாகக் கிடைக்கும். 2014-ல் வந்த எஃப்/4 எல் 615 கிராம், கை நடுக்கத்தைத் தாங்கும் ஐஎஸ் வசதியும் அதில் உண்டு. 2016-ல் வந்த எஃப்/2.8 எல் மூன்றாவது பதிப்பு 790 கிராம், ஐஎஸ் கிடையாது, விலை நன்றாகவே கூட. மங்கிய வெளிச்சத்தில் ஓடியாடும் ஆட்களைப் பிடிக்க வேண்டுமானால் எஃப்/2.8 வேண்டும். கோபுரம், மண்டபம், வீட்டு உள்ளலங்காரம் என்றால் எஃப்/4 தாராளம். மீதிக் காசில் ஒரு நல்ல பையும் டிரை கேபினெட்டும் வந்துவிடும்.

4. இஎம்ஐ-யில் வாங்குவது பாவமில்லை. ஆனால் மாதத் தவணை, ஆர்டர் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் நீ கட்டக்கூடிய தொகையா என்று பார். என்னோடு தொழில் கற்ற ஒருவன் தவணைக்குப் பயந்து ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் ஒப்புக்கொண்டான். ஒன்றுக்குத் தான் போனான், இன்னொன்றுக்குப் பழக்கமில்லாத பையனை அனுப்பினான். தாலி கட்டும் படத்தில் ஐயரின் முதுகுதான் தெளிவாக விழுந்திருந்தது. லென்ஸ் அவனிடமே இருந்தது, அந்தக் குடும்பமும் அவர்கள் சொந்தபந்தமும் அதோடு போயிற்று.

5. பில் இல்லாமல் வாங்காதே. “பில் வேண்டாம்னா பதினஞ்சாயிரம் குறைச்சுக்கலாம் சார்” என்று ஒரு குரல் கட்டாயம் கேட்கும். அப்படி வருவது பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. பொருள் அசலாகவே இருந்தாலும் இங்கே கம்பெனி வாரன்டி செல்லாது. லென்ஸ் மேல் பொறித்திருக்கும் சீரியல் நம்பர், பெட்டியில் இருப்பது, பில்லில் எழுதியது மூன்றும் ஒன்றுதானா என்று கடை வாசலைத் தாண்டுமுன் படித்துப் பார். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

6. செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நன்றாக வைத்திருந்த லென்ஸ் கேமராக்கள் பலவற்றைத் தாண்டி வாழும். ஆனால் பார்க்கத் தெரிய வேண்டும். என் குருநாதர் பார்க்கும் விதம் இது: முன் மூடி, பின் மூடி இரண்டையும் கழற்றுவார். அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்னால் கண்ணை வைத்து மெல்லச் சுழற்றுவார். பூஞ்சை இருந்தால் சிலந்தி நூல் போல ஓரத்திலிருந்து கிளைவிட்டுக் கிடக்கும். பிறகு திருகாணித் தலைகளைப் பார்ப்பார். தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஃபில்டர் மாட்டும் வளையம் நெளிந்திருந்தால் விழுந்த சாமான். கடைசியாக ஒரு சுவரின் நான்கு மூலையிலும் செய்தித்தாள் ஒட்டி, கேமராவை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி ஒரு படம். மூன்று மூலையில் எழுத்து தெளிவாகவும் ஒன்றில் மட்டும் குழம்பியும் இருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. கும்பிடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். முன் கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறலுக்காக நல்ல லென்ஸை அவர் விட்டதில்லை. அது படத்தில் தெரிவது அபூர்வம். சூரியனை எதிரே வைத்து எடுக்கும்போதுதான் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். பின் கண்ணாடியில் கீறல் என்றால் தொடமாட்டார். இன்னொன்றும் அவரிடம் கண்டேன். தன் லென்ஸை விற்கும்போது, வாங்க வந்தவன் கேட்குமுன் அதன் குறையை அவரே சொல்லிவிடுவார். விலை குறையும். ஆனால் அவரிடம் வாங்கியவர்கள் அடுத்த லென்ஸுக்கும் அவரைத்தான் தேடி வந்தார்கள்.

7. பாதுகாப்புக்கு ஃபில்டர் போடுவதா வேண்டாமா என்று நம் ஆட்கள் விடிய விடியச் சண்டை போடுவார்கள். என் தீர்ப்பு இது: கல்யாணம், கடற்கரை, திருவிழா என்றால் போடு, ராத்திரி தெருவிளக்குகளை எடுக்கும்போதும், சூரியன் படத்துக்குள் வரும்போதும் கழற்று, இல்லாவிட்டால் வெளிச்சப் பேய்கள் மிதக்கும். மெல்லிய வளையமுள்ள ஃபில்டராக வாங்கு. தடித்த வளையமோ ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டோ போட்டால் அகலத்தில் மூலைகள் கறுத்துவிடும். கேனன் 17-40 எஃப்/4 எல் போன்ற சிலவற்றில் முன்னால் ஃபில்டர் இருந்தால்தான் தூசி, ஈரத் தடுப்பு முழுமையாகும். நிக்கான் 2007-ல் கொண்டுவந்த 14-24 எஃப்/2.8-க்கோ முன் கண்ணாடி புடைத்து நிற்கும், ஃபில்டர் திருகவே வழியில்லை. அந்த மாதிரி லென்ஸ் வாங்குகிறவனுக்கு மூடி போடும் பழக்கம் கையிலேயே ஊறியிருக்க வேண்டும். ஹூடைத் திருப்பி மாட்டிக்கொண்டு படமெடுக்கும் பையன்களைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? அவர்களில் ஒருவனாகாதே. வெயிலையும் முட்டலையும் தாங்கத்தான் ஹூட்.

8. திருடனைவிட நம் ஊர் ஈரக் காற்றுக்குப் பயப்படு. காற்றில் ஈரப்பதம் அறுபது, எழுபது சதவீதத்தைத் தாண்டிக்கொண்டே இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் வருஷத்தில் பல மாதம் அப்படித்தான். பூஞ்சை கண்ணாடியின் பூச்சையே அரிக்கும். துடைத்தாலும் தடம் போகாது. டிரை கேபினெட் வாங்க முடிந்தால் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் வை. அதற்கும் கீழே உலர்த்துவது நல்லதல்ல. முடியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், இருநூறு முந்நூறு ரூபாய் ஈரமானி ஒன்று போதும். நீல மணிகள் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு மணிகள் பச்சையாகும். சூடாக்கினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். அதை உன் அம்மாவின் வாணலியில் வறுக்காதே. நீல மணியில் கோபால்ட் உண்டு, உடம்புக்கு ஆகாது. அரிசி டப்பாவில் லென்ஸைப் புதைக்கும் வைத்தியமும் வேண்டாம், மாவுத் தூசிதான் மிஞ்சும். துணி அலமாரியில் அந்துருண்டைக்கும் சூடத்துக்கும் பக்கத்தில் வைக்கவே வைக்காதே. தோல் உறையும் பையும் தூக்கிப் போவதற்கு. மாதக்கணக்கில் உள்ளேயே கிடத்தினால் அவையே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட, எடுத்துப் பயன்படுத்து. பூஞ்சை பிடித்து என் பார்வைக்கு வந்தவற்றில் பாதி, “விலை அதிகம், பத்திரமா இருக்கட்டும்” என்று பீரோவில் பூட்டிய லென்ஸ்கள்.

9. முகூர்த்தம் விடியற்காலை நாலரைக்கு. நீ ராத்திரி முழுக்க ஏசி அறையில் படுத்திருக்கிறாய், லென்ஸும் பக்கத்தில் குளிர்ந்து கிடக்கிறது. வெளியே எடுத்த நிமிஷம் கண்ணாடி முழுக்கப் பனி மூடும். துடைக்கத் துடைக்க வரும், முகூர்த்தமே முடிந்து போகும். அதனால் அரைமணி முன்னதாக எழு. பையைத் திறக்காமல் வராந்தாவில் வை, தானாகச் சூடு ஏறட்டும். பனி படிந்துவிட்டால் லென்ஸைக் கழற்றாதே, ஈரம் உள்ளே போகும். மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கும் பெண்களைப் பார்த்ததும் மூடியைப் போடு. அகல லென்ஸ்காரன் ஓமத்துக்கு இரண்டடி தூரத்தில் நிற்பான். நெய் தெறிக்கும், புகை படியும். அட்சதை விழட்டும், ஒன்றும் ஆகாது. ரிசப்ஷனில் நுரை ஸ்ப்ரே அடிக்கும் பொடியன்களிடம்தான் முன்கூட்டியே சமாதானம் பேசி வைக்க வேண்டும்.

10. துடைப்பதில் அவசரம் கூடாது. முதலில் ரப்பர் ப்ளோயரால் ஊது, பிறகு மென்மையான பிரஷ், கடைசியில்தான் மைக்ரோஃபைபர் துணி. திரவத்தைத் துணியில் விடு, கண்ணாடியில் ஊற்றாதே. வாயால் ஊதினால் எச்சில். சட்டை நுனியால் தேய்த்தால் மணலும் சேர்ந்து தேயும். தனுஷ்கோடிக்கோ மெரினாவுக்கோ போய்வந்தால் அன்றிரவே ஈரத்துணியால் லென்ஸின் உடம்பை ஒற்றியெடு. உப்பு காலைவரை காத்திருக்காது.

11. ஒருநாள் அது விழும். உன் கையிலிருந்தோ உதவிப் பையன் கையிலிருந்தோ. குருநாதரின் லென்ஸ் ஒன்று மணவறைப் படியில் உருண்டு விழுந்தபோது, அதைத் தவறவிட்ட பையனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, “கால்ல படலையே?” பிறகு பழைய லென்ஸை மாட்டிக்கொண்டு சடங்கை எடுத்து முடித்தார். அவன் சம்பளத்தில் ஒரு பைசா பிடிக்கவில்லை. அந்தப் பையன் இன்று சொந்த ஸ்டுடியோ நடத்துகிறான். இதற்கென்றுதான் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. திருட்டுக்கு மட்டுமா, விழுந்து உடைந்தாலும் உண்டா, வாடகைக்கு விட்டால் செல்லுமா என்று கேட்டு எழுத்தில் வாங்கு.

12. லென்ஸ் வந்த புதிதில் எல்லாவற்றையும் அதிலேயே எடுக்கத் தோன்றும். கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாயும். நிமிர்த்திப் பிடி, எட்டிப் போய் நில். குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்பவர்களை அது இழுத்து அகலமாக்கும், தலை சுரைக்காய் போல நீளும். அப்படி ஓரத்துக்கு ஒதுங்குகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்தான். அவர்களுடைய நல்ல படம் என்று வீட்டில் அது ஒன்றுதான் இருக்கும். அடுத்த கல்யாணத்தில் குரூப் போட்டோவுக்கு 35-க்கு மாறிவிடு, இடம் போதாமல் அகலத்திலேயே எடுக்க நேர்ந்தால் பாட்டியைக் கைபிடித்து அழைத்து வந்து நடுவில் உட்காரவை.