செங்காந்தள்: நஞ்சும் மருந்தும்

மழைக்காலத்தில் வேலிகளில் தீச்சுடர்போல் பூத்திருக்கும் செங்காந்தளைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டின் மாநில மலர் இதுவே. கிழங்கு கலப்பை போல் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். கோடையில் கொடி காய்ந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் உறங்கி, மழையில் மீண்டும் துளிர்க்கும். எனவே இது பல்லாண்டுத் தாவரம்.

இதிலுள்ள கோல்ச்சிசின் என்னும் ஆல்கலாய்டு, யூரிக் அமிலத்தால் உண்டாகும் மூட்டு வீக்கத்துக்கு மருந்தாகிறது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் கதிர்நூல்கள் உருவாகாமல் இது தடுக்கும். அதனால் தாவர செல்களில் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கவும் பயன்படுகிறது. அளவு மிஞ்சினால் இதுவே உயிரைக் குடிக்கும். மாணவர்களே, இச்செடியின் எப்பகுதியையும் வாயில் வைக்காதீர்கள்!

மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பகுதிகளில் இது பயிராகிறது. நீர் தேங்காத மண் தேவை. ஆடி வாக்கில் கிழங்கை நடுவார்கள். கிழங்கின் நுனியில் மட்டுமே முளை உண்டு. அது ஒடிந்தால் முளைக்காது. இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பிடித்து ஏறுவதால் கம்பிப் பந்தல் அமைப்பார்கள்.

பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடிந்து, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். ஆகவே காலை நேரத்தில் உழவர்கள் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். ஏறத்தாழ ஆறு மாதத்தில் காய்களைப் பறித்து விதை எடுக்கலாம்.

காட்டில் கிழங்கைத் தோண்டினால் கொடி அத்துடன் அழியும். விதையிலும் கோல்ச்சிசின் இருப்பதால், வயலில் விதையை மட்டும் எடுத்துக் கிழங்கை விட்டுவைக்கலாம். மருந்தும் கிடைக்கும், கொடியும் பிழைக்கும்.